கொழும்புக்கு எவ்வளவு நேரம்?

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த மேசையில் வந்து உட்கார்ந்த முதல் கிழமையிலேயே உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள்: "கண்டியிலிருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம்?" நீங்களும் போனைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பீர்கள். தப்பில்லை. வானத்தால் அளந்தால் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. வீதியால் போனால் நூற்றுப் பதினைந்து சொச்சம். ஹெலிகொப்டர் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடும். வான் என்றால் மூன்றரை மணித்தியாலம், அதுவும் வழியில் எங்கும் மாட்டிக்கொள்ளாவிட்டால்.

எல்லாம் சரியான கணக்குத்தான். ஆனால் கேட்கிற ஆள் அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளவா வருகிறார்? எங்கேயோ ஒரு கதவு மூடப் போகிறது, அதற்கு முன் உள்ளே போய்விட முடியுமா என்று கேட்கத்தான் வருகிறார். வாகனம் ஒழுங்கு செய்கிற இந்த வேலையில் தலை நரைத்துப்போன எனக்கு, அந்த வித்தியாசம் முழுதாக விளங்கியது நௌசாத்தும் ரிஸ்னாவும் வந்த காலையில்தான். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டொரு வருடம் முந்தி.

அன்று விடிய முன்னமே மழை. கடுகண்ணாவையில் பாறை சரிந்து கொழும்பு வீதியை மூடிவிட்டார்கள். நான் ஒபிசுக்கு வந்து குடையை மடக்குவதற்குள் மூன்று டெலிபோனும் அடிக்கிறது. எயார்போட் போகிறவர்கள், கலியாணத்துக்குப் போகிறவர்கள், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி, எப்போது திறப்பார்கள் என்று. திறக்கிற நேரம் எனக்கு எப்படித் தெரியும்? கலகெதர பக்கத்தால் சுற்றிக் குருநாகலுக்குப் போய் இறங்கலாம், நேரம் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் நௌசாத் நனைந்தபடி உள்ளே ஓடிவந்தார். திகனயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். அவருடைய மனைவி ரிஸ்னாவுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிப் பல வருடம். கிழமைக்கு மூன்று தரம் கண்டி ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். கொழும்பில் கிளினிக் இருக்கிற நாட்களில் எங்கள் வான்தான் போகும். அதனால் இரண்டு பேரையும் நன்றாகத் தெரியும்.

"அக்கா, கிட்னி கிடைச்சிருக்கு!"

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை.

"கொழும்பில இருந்து இப்பதான் கோல் எடுத்தாங்க. யாரோ மௌத்தாப் போனவங்கட குடும்பம் குடுத்திருக்காங்களாம். மூணு மணிக்கு முந்தி ரிஸ்னா அங்க ஈக்கணும். இல்லாட்டி வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அப்போது ஒன்பது மணி தாண்டியிருந்தது. அன்று ரிஸ்னாவுக்கு டயலிசிஸ் நாள். விடியக்காலை முறையில் முடித்துக்கொண்டு வெளியே வருகிற நேரத்தில் அந்தக் கோல் வந்திருக்கிறது. அவர் வெளியே காரில் இருந்தார். கண்ணாடிக்குள்ளால் பார்த்து எனக்குத் தலையசைத்தார்.

"கடுகண்ணாவ மூடியிருக்கு, தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும். அதுக்குத்தான் ஹில்மி நானா ஹெலிகொப்டருக்குச் சொல்லிட்டார்." ஹில்மி அவருடைய மூத்த சகோதரர், கட்டாரில் இருக்கிறார். "பல்லேகல கிரவுண்டில இறங்குமாம். இருபத்தஞ்சு நிமிஷம் அக்கா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கொழும்பு. நீங்க அவங்களோட பேசி நேரத்தை மட்டும் சரிப்பண்ணித் தாங்க."

ஹெலிகொப்டர் கம்பனியில் ஒழுங்குகளைப் பார்க்கிறவர் கஜன் என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் இருந்து பேசுவார். முன்பும் இரண்டு தரம் சுற்றுலாக்காரர்களுக்காக அவரோடு வேலை செய்திருக்கிறேன். எடுத்தேன்.

"ஓம் அக்கா, சொல்லுங்கோ. மெஷின் ரெடி. ஆனா கண்டிப் பக்கம் முழுக்க முகில் எண்டு பைலட் சொல்லுறார். அரை மணித்தியாலம் பாப்பம் எண்டவர்."

நான் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஹந்தானை மலையைக் காணோம். பஹிரவகந்தையில் அந்த உயரமான வெள்ளைப் புத்தர் சிலையையும் காணோம். ஊரே ஒரு சட்டி, அதன்மேல் யாரோ மூடியைப் போட்டுவிட்டது மாதிரி இருந்தது.

அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ரிஸ்னாவை உள்ளே கூட்டிவந்து கதிரையில் உட்கார வைத்தேன். கஜன் மறுபடி எடுத்தார். "இன்னும் அப்பிடியே கிடக்கு அக்கா. இன்னொரு அரை மணித்தியாலம் பாப்பமா?"

நௌசாத் உடனே, "பாப்போம், பாப்போம்" என்றார். "இப்ப போனாலும் இருபத்தஞ்சு நிமிஷம், பிறகு போனாலும் இருபத்தஞ்சு நிமிஷம். நேரம் ஈக்கிதுதானே."

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருந்தது. வீதியால் போகிற வழி ஒவ்வொரு நிமிடமும் நம் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வானத்தால் போகிற வழி மட்டும் எவ்வளவு பிந்தினாலும் அதே இருபத்தைந்து நிமிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். காத்திருக்கக் காத்திருக்க அது ஒன்றுதான் வழி என்று ஆகிவிடும். ஆனபிறகு முகில் விலகாவிட்டால்? அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

கஜனிடம் இவ்வளவு நேரமும் "எப்போ வருவீங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி. கேள்வியை மாற்றினேன்.

"தம்பி, இந்த நிமிஷம் உங்க பைலட்டால எந்த ஊர்ல இறங்க முடியும்?"

அவர் யாரிடமோ கேட்கிற சத்தம் வந்தது. "குருநாகல்ல எண்டா பிரச்சினை இல்லையாம் அக்கா. அது கீழ்ப்பக்கம்தானே, அங்க முகில் உயரத்தில நிக்குது. அங்க ஒரு பள்ளிக்கூட கிரவுண்ட் இருக்கு, முந்தியும் இறங்கியிருக்கிறம். அனுமதி நாங்கள் எடுக்கிறம்."

"அப்ப நாங்க குருநாகலுக்கு வாறோம். நீங்களும் வாங்க."

டெலிபோனை வைத்துவிட்டு நௌசாத்திடம் சொன்னேன். கலகெதர வீதியால் இப்போதே இறங்குவோம். குருநாகலில் ஹெலிகொப்டர் வந்தால் ஏறுங்கள். வராவிட்டாலும் நஷ்டமில்லை, அங்கிருந்து அதிவேகப் பாதையைப் பிடித்துக் கொழும்புக்கு ஓடிக்கொண்டே இருப்போம். ஓடுகிற வழி எதுவும் வீணாகாது.

அவருக்கு மனமில்லை. "நாங்க இறங்கிப் போன பிறகு இங்க வானம் வெளிச்சிட்டா? பல்லேகலக்கு ஹெலி வந்து நிக்க, நாங்க ரோட்டுல மாட்டிக்கிட்டு நிப்போமே அக்கா!"

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் அதற்குள் ரிஸ்னா எழுந்துவிட்டார்.

"இஞ்ச பாருங்க," என்றார் புருசனிடம். "இங்க குந்திட்டு வானத்தப் பாத்துட்டு ஈக்க எனக்கு ஏலாது. நெஞ்சு வெடிச்சிரும். ஓடுற வண்டியில ஈந்தா மூச்சாவது விடுவன். எடுங்க போக."

எங்கள் டிரைவர் சிவா வானைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒபிஸ்காரர்கள் வண்டியில் போவது வழக்கமில்லை. ஆனால் அன்று மேசையில் இருந்துகொண்டு டெலிபோனில் பேசினால் சரிவராது என்று தோன்றியது. மற்ற வேலைகளைப் பக்கத்து மேசைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறினேன்.

கட்டுகஸ்தோட்டை தாண்டும்வரை பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் கொழும்புக்குப் போகிற உலகமே அந்தச் சின்ன வீதிக்குள் திரும்பியிருப்பது தெரிந்தது. பஸ், லொறி, கொன்டெய்னர் எல்லாம். கலகெதரைக்குக் கீழே இறங்குகிற வளைவுகளில் ஒரு கொன்டெய்னர் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. சிவா எஞ்சினை நிறுத்தினான்.

மழைத் தண்ணி வீதியோர வடிகாலில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின் சீட்டிலிருந்து ரிஸ்னாதான் பேசினார்.

"அக்கா, நான் போய்ச் சேராட்டி அது குப்பைக்குப் போகாதுதானே? அடுத்தவருக்குக் குடுப்பாங்கதானே?"

"குடுப்பாங்க. ஆனா நீங்க போய்ச் சேருவீங்க."

"அந்த ஆளும் இப்ப எங்கயாவது ரோட்டுல ஈப்பார். 'இவ வரக்கூடாது'ன்னு துஆ கேட்டுட்டு ஈப்பாரோ?"

நௌசாத் திரும்பி, "அப்பிடியெல்லாம் யோசிக்காத ரிஸ்னா" என்றார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. திகனக் கடையிலிருந்து. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், முகம் மாறியது.

"அக்கா, திகனயில வெயில் அடிக்குதாம்! நல்ல வெயிலாம்! பக்கத்துல பல்லேகல கிரவுண்ட் பக்கமும் வானம் நீலமாம்!"

அந்தப் போனை வைப்பதற்குள் கட்டாரிலிருந்து ஹில்மி. அவருக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். நௌசாத் போனை ஸ்பீக்கரில் போட்டார். "ஏன்டா அவசரப்பட்டீங்க? யார்ட பேச்சைக் கேட்டுப் போனீங்க? உடனே திருப்புங்க வண்டிய! ஹெலிய பல்லேகலக்கு வரச் சொல்லுங்க!"

பின்னால் நின்ற பஸ்காரர் கொஞ்சம் பின்வாங்கினால் திருப்பலாம்தான். சிவா கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நௌசாத் பார்த்தார். உண்மையாகவே வானம் தெளிந்திருந்தால், இந்தக் குடும்பம் என்னை ஆயுசுக்கும் மன்னிக்காது. நானும் என்னை மன்னிக்க மாட்டேன்.

கஜனை எடுத்தேன். "தம்பி, கண்டியில வெயிலாம். உங்களுக்குத் தெரியுதா?"

"ஓம் அக்கா, எங்களுக்கும் சொன்னவை. கொஞ்சம் விலகியிருக்கு."

"பல்லேகலயில கட்டாயம் இறங்குவேன்னு பைலட் வாக்குக் குடுப்பாரா?"

அவர் பைலட்டிடம் கேட்டுவிட்டு வந்தார். "வாக்குக் குடுக்க ஏலாது அக்கா. போய்ப் பாக்கலாம் எண்டுதான் சொல்லுவார். குருநாகலுக்கு எண்டா வாக்குக் குடுப்பார்."

எனக்கு அது போதும். ஹில்மி இன்னும் லைனில் இருந்தார்.

"நானா, நீங்க உங்க தம்பி பொஞ்சாதி மேல உள்ள பாசத்துல சொல்றீங்க, எனக்கு விளங்குது. ஆனா ஒரு பக்கம் 'பாக்கலாம்', இன்னொரு பக்கம் 'வாறோம்'. நான் 'வாறோம்'ங்கிற பக்கம் போறேன். குருநாகல் போனதும் உங்களுக்கு எடுக்கிறேன்." சொல்லிவிட்டு அவர் பதில் சொல்வதற்கு முன் நௌசாத்திடம் போனைக் கட் பண்ணச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கட் பண்ணினார். அந்த ஒரு செயலுக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை.

கொன்டெய்னர்க்காரனுக்கு நாலு பேர் இறங்கிக் கை காட்டி, முன்னும் பின்னுமாக எடுத்து, ஒருவழியாக ஓரம் கட்டினார்கள். சிவா பாய்ந்தான் என்று சொல்லமாட்டேன். ஈர வீதியில் பாய்கிறவன் டிரைவரல்ல. ஆனால் கிடைத்த இடைவெளி ஒன்றைக்கூட அவன் விடவில்லை. மாவத்தகமை தாண்டியதும் மலை பின்னுக்குப் போய்விட்டது. தென்னந்தோட்டங்கள் வந்தன. மேலே சாம்பல் நிறம்தான், ஆனாலும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வானம் திறந்து கிடந்தது.

திகன வெயில் எவ்வளவு நேரம் நின்றது, ஹெலிகொப்டர் அதற்குள் வந்து போயிருக்குமா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. வந்தும் இருக்கலாம். தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி செய்யவில்லை. அந்த வளைவில் எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். பிற்பாடு தெரியவருவதை வைத்து அந்த முடிவை நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை. நீங்களும் உங்களை அப்படி நிறுத்துப் பார்க்காதீர்கள்.

குருநாகலில் அந்தப் பள்ளிக்கூட கிரவுண்டுக்குள் போனால் அங்கே பிள்ளைகள் பேண்ட் வாத்தியம் பழகிக்கொண்டிருக்கிறார்கள். விசில் ஊதிக்கொண்டிருந்த டீச்சரம்மாவுக்குப் பள்ளிக்கூட அதிபர் அப்போதுதான் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்த அம்மா எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரிஸ்னாவின் முகத்தைப் பார்த்தார், திரும்பி இன்னொரு விசில் ஊதினார். மேளத்தோடும் தாளத்தோடும் பிள்ளைகள் அத்தனையும் மதிலோரம் போய் ஒட்டிக்கொண்டன.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. முதலில் யாருக்கும் நம்பிக்கையில்லை, லொறியாக இருக்கும் என்று நினைத்தோம். பிறகு தென்னை மரங்களுக்கு மேலால் தும்பி மாதிரி வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சல் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. தொப்பிகள் பறந்தன. நௌசாத் மனைவியின் தோளை அணைத்துக்கொண்டு குனிந்தபடி ஓட, நனைந்த புல்லில் ரிஸ்னாவின் கால் புதைந்தது. சமாளித்து ஏறிவிட்டார். கதவு மூடியது. உள்ளேயிருந்து அவர் கையசைத்தது மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் கிரவுண்டில் காற்று மட்டும்தான்.

நானும் சிவாவும் அந்த இடத்திலேயே நின்றோம். புல்லில் ஒரு செருப்பு கிடந்தது.

வெளியே ஒரு கடையில் பால் விடாத பிளேன்டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். குடிக்க முடியவில்லை. ஹில்மிக்கு எடுத்து ஏறிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், பிறகு அழுதார். அந்த மனிதர் அவ்வளவு தூரத்தில் தனி அறையில் இருந்துகொண்டு கத்தியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு வண்டியாவது இருக்கிறது. தூரத்தில் இருக்கிறவனுக்குக் குரல் மட்டும்தானே. உங்களிடம் டெலிபோனில் கத்துகிறவர்களை நினைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

டீ ஆறிய பிறகு போன் அடித்தது.

"அக்கா, வந்து சேந்துட்டோம். அம்புலன்ஸ் ரெடியா நின்டிச்சு. உள்ள எடுத்துட்டாங்க. நேரம் இன்னும் ஈக்கிதாம்!"

"நல்லது, நல்லது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ரிஸ்னா ஒண்டு கேக்கச் சொன்னா. அவட ஒரு செருப்பு உங்கட்டயா ஈக்கிது?"

நான் சிவாவைப் பார்த்தேன். அவன் அந்தச் செருப்பைக் கழுவித் துடைத்து, கடை மேசையில் பிளேன்டீ கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அவ்வளவுதான், நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. சிவாவும் சிரித்தான். கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தன் பொஞ்சாதியைக் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்ததா, அழுததை மறைக்கச் சிரித்தோமா, அது இப்போதும் தெரியாது.

பரிசோதனையில் அந்தக் கிட்னி ரிஸ்னாவுக்குப் பொருந்தியது. அன்று பின்னேரமே ஒபரேஷன். இன்னொரு விஷயத்தையும் நௌசாத் பிறகு சொன்னார். ரிஸ்னா நினைத்துக் கவலைப்பட்ட அந்த "அடுத்த ஆள்" இரத்தினபுரிப் பக்கத்து ஒருவர். அவரும் வந்து சேர்ந்திருக்கிறார். அந்தக் குடும்பம் இரண்டு கிட்னியையும் கொடுத்திருந்தது. ஒன்று வேறொரு ஆளுக்கென்று ஒதுக்கியிருந்ததாம், அந்த ஆளுக்கு அது பொருந்தாமல் போக, இவருக்குக் கிடைத்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு பேருக்கும் நடந்திருக்கிறது. கண் திறந்ததும் ரிஸ்னா முதலில் விசாரித்தது அவரைத்தானாம்.

ஆகவே, பிள்ளைகளே, கண்டியிலிருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். என்ன காரியம், எப்போது அங்கே இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். வேகமான வழியைக் காட்டுகிறவரிடம், அது இப்போது புறப்படுமா என்று கேளுங்கள். இரண்டு வழியும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு இடம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும். பிறகு முடிவெடுங்கள். எடுத்த முடிவை வளைவில் நின்றுகொண்டு மாற்றாதீர்கள், புதிதாக ஒரு வாக்குறுதி வந்தால் தவிர.

ஒபரேஷன் முடிந்து பல மாதம் கழித்து ஒரு நல்ல வெயில் மத்தியானம் ரிஸ்னா தனியாகவே பஸ் ஏறி ஒபிசுக்கு வந்தார். முகத்தில் அந்தப் பழைய வீக்கம் இல்லை. உட்காரச் சொல்லி, "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி தாங்க அக்கா. வெறும் தண்ணி."

டயலிசிஸ்காரர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய தண்டனை தாகம்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து, மிடறு மிடறாக, நாக்கை நனைத்து நனைத்து வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். நான் பெரிய கிளாஸில் நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, நிறுத்தாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிளாஸைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொரு கிளாஸ் தாறீங்களா அக்கா?"